பணியாளர் இருக்கை

மே 4, திங்கள்

மாதம் முடிந்தால் ஏ.சி., அதாவது உதவி ஆணையர், ஆபீசுக்கு ஒரு நாட்குறிப்பு அனுப்ப வேண்டும். தொழிலாளர் உதவி ஆய்வர் எந்தத் தேதியில் எந்தக் கடைக்குப் போனார், எத்தனை மணிக்குத் திரும்பினார் என்று. அதில் என் முழங்கால் வலிக்கு இடமில்லை, கோபத்துக்கும் இடமில்லை. அதற்காகத்தான் இருபது வருடமாக இந்த இன்னொரு நோட்டு. இதை எந்த மேலதிகாரியும் கேட்கப் போவதில்லை.

இன்றைக்குத் தபாலில் ஒரு மொட்டைக் கடுதாசி. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். "ஐயா, மாட்டுச்சந்தைத் திடல் பொருட்காட்சியில் கடைகளில் நிற்கும் பெண்கள் எழுதுவது. மூன்று மணிக்கு நின்றால் பத்தரை வரை நிற்கிறோம். உட்கார ஒரு முக்காலி கிடையாது. உட்கார்ந்தால் ஆப்சென்ட். ஜவுளிக்கடைக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமா." பெயர் இல்லை. தாளின் ஓரத்தில் விரல் பட்டுச் சிவப்பாக ஒரு கறை.

இந்த நாற்காலியில் நான் வந்து உட்கார்ந்து நாலு வருடமாகிறது. இன்னும் எல்லாக் கடிதமும் ஐயா என்றுதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் இளநிலை உதவியாளர் கதிரேசன் எட்டிப் பார்த்துவிட்டு, பேரில்லாத கடுதாசிதானே மேடம், கட்டி வைத்துவிடட்டுமா என்றான். கட்டி வைப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன் மாதிரி ஒரு கேள்வி. வாங்குவாங்கு என்று வாங்கினேன். பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வருமுன் மூன்று வருடம் நான் ஜவுளிக்கடையில் நின்றவள். தூணில் சாய்ந்தால்கூட சூப்பர்வைசர் விரலைச் சொடுக்குவான். அந்த மூன்று வருடத்தை என் கெண்டைக்கால் நரம்புகள் இன்னும் மறக்கவில்லை.

கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தில் சேர்த்துச் சில வருடமாகிறது. பொருட்காட்சிக்காரர்கள் தப்பிக்க ஒரு சந்து உண்டு. ஒரு மாதத்துக்கு மேல் போகாத தற்காலிகச் சந்தைக்கு விலக்கு. ஓடிப்போய் அனுமதிக் கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். ஏப்ரல் 26 முதல் ஜூன் 9 வரை. நாற்பத்தைந்து நாள். மாட்டினார்கள்.

மே 5, செவ்வாய்

நாலு மணிக்கு திடலுக்குப் போனேன். வாசலில் ராட்சத டைனோசர் தலையை ஆட்டுகிறது. உள்ளே தகரக் கொட்டகையில் நூற்றிப் பத்து கடை. வெயில் இறங்கவில்லை, தகரத்தின் அடியில் அப்பளம் எண்ணெய் இல்லாமலே பொரியும்.

மேலாளர் ரத்தினவேலு ஓடி வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், வாய் நிறைய மேடம். டிக்கெட் கவுன்ட்டரில் இருந்த நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார். "உக்காருங்க மேடம், உங்களுக்கு இந்த வெயில் ஒத்துக்காது." மோர் வந்தது. தொடவில்லை. இந்த விஷயத்தில் நான் கறார். இருபது வருடத்தில் எந்தக் கடையிலும் ஒரு டீ குடித்தவளில்லை, எந்த தீபாவளிக்கும் ஒரு ஸ்வீட் பாக்கெட் என் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. முழங்கால் வலித்ததால் உட்கார்ந்துகொண்டேன்.

அவருக்குப் பதில் தயாராக இருந்தது. இது கடையில்லை மேடம், கண்காட்சி. அவர்கள் பணியாளர்களில்லை, விளக்குநர்கள். உட்கார்ந்து விளக்கினால் கூட்டம் கூடாது. சப்பைக்கட்டு. பெண்களைக் கேட்டேன். ஊறுகாய்க் கடை, போர்வைக் கடை, எது எடுத்தாலும் ஒரே விலைக் கடை எல்லோரும் ரத்தினவேலுவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

முப்பத்தேழாம் எண் கடையில் காய் வெட்டும் கருவி விற்கிறார்கள். காதோரம் மைக் மாட்டிய ஒரு பெண், முப்பத்தாறு முப்பத்தேழு வயசிருக்கும், மூச்சு விடாமல் பேசிக்கொண்டே கேரட்டைப் பூவாக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். பேச்சில் சிரிப்பு இருந்தது. கீழே பார்த்தால் ஒரு காலில் நிற்கிறாள். மற்றக் காலில் கணுக்காலுக்கு மேலே வேட்டித் துணி சுற்றியிருந்தது. விரல் பத்தும் பீட்ரூட் சிவப்பு.

நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

மே 6

கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது. பக்கத்து வீட்டில் மாவு கடன்.

மே 8, வெள்ளி

காலை பதினோரு மணிக்கு ஜீப் இல்லாமல் ஆட்டோவில் போனேன். அந்த நேரத்தில் ரத்தினவேலு இருக்க மாட்டார். தகரக் கொட்டகைக்குப் பின்னால்தான் அவர்கள் சமைப்பதும் துவைப்பதும் தூங்குவதும். முப்பத்தேழாம் கடைக்காரி ஒரு பெயின்ட் டப்பாவில் காலைத் தூக்கி வைத்துப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். சுற்றிலும் தோல் கறுத்துப்போயிருந்தது. எனக்குத் தெரியும் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று.

"பீட்ரூட் கறை சோப்பு போட்டாலும் போகாதாம்மா?" என்று கேட்டேன்.

அவள் தன் விரலைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "நான் ஒண்ணும் எழுதல மேடம்" என்றாள்.

எழுதினீர்களா என்று நான் கேட்கவே இல்லையே என்றேன். சிரித்துவிட்டாள். பெயர் சகாயமேரி. பதினோரு வருடமாக ஒரே முதலாளியிடம் வேலை. பொருட்காட்சி ஊர் ஊராக நகர, இவளும் கூடவே நகர்கிறாள். வருடத்தில் பத்து மாதம் தகரத்தின் கீழ். மகள் நர்சிங் இரண்டாம் வருடம், ஹாஸ்டலில். புருஷனைப் பற்றிக் கேட்டதற்கு, அந்தாளு எங்கயோ நல்லாயிருப்பாரு மேடம் என்றாள், அவ்வளவுதான். புண் எட்டு மாதமாக ஆறவில்லை. காலைத் தொங்கவிடாமல் அவ்வப்போது உட்கார்ந்தாலே ஆறும், நின்றே கிடந்தால் காலுக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். முதலாளியிடம் முக்காலி கேட்டதற்கு, முக்காலியில் உட்கார்ந்து வெட்ட வீட்டில் அம்மா இருக்கிறார்கள், நீ எதற்கு என்றாராம்.

பேரில்லாத மனுவை வைத்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது, பெயர், கடை எண், கையெழுத்து மூன்றும் வேண்டும் என்று விளக்கினேன். முகம் சுருங்கிவிட்டது.

"பேரு தெரிஞ்சா அன்னிக்கே என்னைய நிறுத்திருவாங்க மேடம். ஒரு பொருட்காட்சில நிறுத்துனா வேற எந்தக் கடையிலயும் சேக்க மாட்டாங்க. எல்லாரும் ஒரே கூட்டந்தான்."

"உங்க பேரு என் மேசையத் தாண்டாது. அதுக்கு நான் பொறுப்பு."

அவள் புண்ணின் மேல் துணியைச் சுற்றினாள். முடிச்சுப் போட்டுவிட்டு, "நீங்களும் பொம்பளயா இருக்கீங்க. நம்புறேன் மேடம்" என்றாள்.

வரும் வழியில் ஆட்டோவில் எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இந்த வேலைக்கு வந்ததற்கு இப்படி ஒரு நாள் போதும்.

மே 11, திங்கள்

சகாயமேரி மனுவைக் கொடுத்தனுப்பிவிட்டாள். குண்டு குண்டாக எழுத்து. பெயர், கடை எண், தேதி எல்லாம் சரியாக இருக்கிறது.

கதிரேசன் இன்றும் நாளையும் லீவு. அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து. பிள்ளையின் காதைக் குத்த இவன் எதற்கு இரண்டு நாள். நானே அதிகாரி, நானே குமாஸ்தா, தபால் முத்திரையும் நானே.

மே 12, செவ்வாய்

நோட்டீஸ் போய்விட்டது. வரைவு எழுதி, கம்ப்யூட்டரில் அடித்து, கையெழுத்திட்டு, உறை ஒட்டி எல்லாம் முடிக்கும்போது மணி ஆறரை. மூன்று பக்கம். பொருள், பார்வை, சட்டப் பிரிவு, ஏழு நாள் கெடு. ஓட்டை இல்லாத நோட்டீஸ். ஒரு நகல் ஏ.சி.க்கு. அவர் ஒரு காற்புள்ளியைக்கூடத் திருத்த முடியாது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். நல்லது என்றார். அவருக்கு சர்க்கரை இருநூற்று நாற்பது. மாம்பழம் தின்றாயிற்று, கேட்டால் ஒரே ஒரு துண்டு என்கிறார்.

மே 15, வெள்ளி

நாற்காலி!

நூற்றிப் பத்து கடையிலும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. ஒவ்வொன்றின் முதுகிலும் 'பணியாளர் இருக்கை' என்று அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். ஏழு நாள் கெடு கொடுத்தேன், மூன்றே நாளில் செய்துவிட்டார்கள். கூட ஒரு பத்திரிகை நிருபரையும் ரத்தினவேலுவே வரவழைத்திருந்தார். நான் ஒவ்வொரு கடையாக எண்ணிப் பார்த்தேன்.

முப்பத்தேழாம் கடையில் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து ஆய்வுக் குறிப்பை எழுதினேன். சகாயமேரி பக்கத்தில் நின்று கோஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கண் ஜாடையாவது காட்டுவாள் என்று பார்த்தேன். நிமிரவே இல்லை. ஜாக்கிரதையாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ரத்தினவேலு ஜீப் வரைக்கும் வந்தார். கதவைச் சாத்தும்போது சொன்னார்: "நேர்லயே எங்ககிட்டக் கேட்டிருந்தாலே குடுத்திருப்போம் மேடம். எதுக்கு மனு அது இதுன்னு." மனுவின் பேரில்தான் வந்தேன் என்று நோட்டீஸில் இருக்கிறதே, அதைச் சொல்கிறார்.

மே 16, சனி

பேப்பரில் படம் வந்திருக்கிறது. 'பொருட்காட்சிப் பெண்களுக்கு இருக்கை: தொழிலாளர் துறை அதிரடி.' படத்தில் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் மூன்று பெண்கள் நிற்கிறார்கள். ஏ.சி. போன் செய்து பாராட்டினார். மகள் பெங்களூரிலிருந்து ஸ்டேட்டஸ் வைத்தாளாம்.

மே 17, ஞாயிறு

இவரை அழைத்துக்கொண்டு டிக்கெட் வாங்கி, சும்மா பார்க்க வந்தவர்கள் மாதிரி பொருட்காட்சிக்குப் போனேன். பெருமையாகக் காட்டலாம் என்றுதான்.

ஊறுகாய்க் கடையில் நாற்காலி மேல் ஊறுகாய் ஜாடி அடுக்கியிருந்தது. போர்வைக் கடையில் நாற்காலியையே காணவில்லை; முதுகில் ஒட்டிய காகிதம் மட்டும் கம்பத்தில் ஒட்டியிருந்தது. மீதிக் கடைகளில் நாற்காலியில் வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். பெண்கள் நின்றார்கள்.

முப்பத்தேழில் வேறு ஒரு பெண் மைக்கில் பேசிக்கொண்டிருந்தாள். அதே வசனம், அதே சிரிப்பு. மேரி எங்கே என்று கேட்டேன். ஊருக்குப் போயிட்டாங்க என்றாள். எப்போது வருவாள் என்றதற்கு வெண்டைக்காயை எடுத்து வெட்ட ஆரம்பித்துவிட்டாள்.

இவர் அப்பளம் கேட்டார். வாங்கிக் கொடுத்தேன். என்ன நிறம், என்ன அளவு என்றுகூடப் பார்க்கவில்லை.

மே 18, திங்கள்

காலையிலேயே ரத்தினவேலுவிடம் போய்ச் சத்தம் போட்டேன். நாற்காலி என்ன ஆச்சு, அந்தப் பெண் என்ன ஆனாள் என்று. அவர் சத்தம் போடவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து என் நோட்டீஸை எடுத்து, முதல் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் வைத்து, விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

பார்வை: 1. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். 2. திருமதி சகாயமேரி, கடை எண் 37, என்பவரின் மனு, நாள் 10.5.

"நீங்கதான மேடம் சொல்லியிருக்கீங்க" என்றார். "நாங்க யாரையும் நிறுத்தல. அவங்க மொதலாளி பாத்தாரு, வருத்தப்பட்டாரு. பதினோரு வருசம் சோறு போட்டவர்கிட்டக் கேக்காம கவர்மென்ட்டுக்கு எழுதிட்டாளேன்னு."

மேரியின் போன் நம்பர் மனுவில் இருந்தது. மூன்று தடவை அடித்தேன். எடுக்கவில்லை.

அலுவலகத்திலிருந்து போகும் கடிதங்களில் பார்வை எழுதுவது உதவியாளரின் வேலை. எந்த மனுவின் பேரில் கடிதம் போகிறது என்று எழுதுவது நூறு வருட வழக்கம். கை தானாக எழுதிவிடும். கதிரேசனுக்கு இதையெல்லாம் யோசிக்கத் தெரியாது. நான் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அவசரத்தில் படிக்கவில்லை.

மே 19, செவ்வாய்

கதிரேசனை அறைக்குக் கூப்பிட்டேன். ரகசிய மனுதாரரின் பெயரை வெளியிட்டதற்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தேன். மேசைக்கு முன்னால் நின்று இரண்டு தடவை படித்தான். சரிங்க மேடம் என்றான். அந்த மரியாதை எனக்கு எரிச்சலைத்தான் கிளப்பியது.

கிரைண்டர் வந்துவிட்டது. இரண்டு நாளைக்கு மாவு அரைத்தேன்.

மே 21, வியாழன்

சகாயமேரி வந்தாள்.

பன்னிரண்டு மணியிருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை. காலில் துணி புதிதாக இருந்தது, ஆனால் கணுக்கால் வீங்கிப் பளபளத்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. கணக்கு சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். முதலாளி அனுப்பிவிட்டார். வேறு இரண்டு கடையில் கேட்டுப் பார்த்தாள், மனு போட்டவளா என்று சிரிக்கிறார்கள். ஜூன் முதல் வாரத்தில் மகளுக்கு ஹாஸ்டல் கட்ட வேண்டும். பொருட்காட்சி அடுத்த ஊருக்குப் போகுமுன் முதலாளி மனம் மாறினால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

நான் சட்டத்தைச் சொன்னேன். மனு கொடுத்ததற்காக ஒருவரை நீக்கியது தவறு, அதற்குத் தனியாக ஒரு மனு கொடுங்கள், நான் விடமாட்டேன் என்றேன்.

"இன்னொரு மனுவா?" என்றாள். "அதுலயும் பேரு போடணுமா மேடம்?"



அவள் வந்த காரியம் வேறு. ஒரே ஒரு கடிதம் கேட்டாள். அந்த மனு சகாயமேரி போட்டதில்லை, ஆபீசில் தவறுதலாக அவள் பெயர் வந்துவிட்டது என்று நாலு வரி. அலுவலக முத்திரையோடு. அதைக் கொண்டுபோய் முதலாளி காலடியில் வைத்தால் சேர்த்துக்கொள்வார். அவரே ஆள் மூலம் சொல்லி அனுப்பினாராம், அப்படி ஒரு காகிதம் இருந்தால் பார்க்கலாம் என்று.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனு என் பீரோவில் இருக்கிறது, அவள் கையெழுத்தோடு. இல்லை என்று அரசு முத்திரை குத்திச் சொல்ல என்னால் எப்படி முடியும். இருபது வருட சர்வீஸில் ஒரு பொய்க் காகிதத்தில் நான் கையெழுத்திட்டதில்லை. அதைத்தான் சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"சரி மேடம்" என்றாள். கதவு வரைக்கும் நொண்டிப் போனவள் திரும்பினாள். "நீங்க குடுக்கச் சொன்ன நாற்காலி ரெண்டு நாளு என் பக்கத்துலதான் இருந்துச்சு. நான் ஒரு தடவைகூட உக்காரல. நீங்க வந்த அன்னிக்கு நீங்க உக்காந்தீங்க, அதோட சரி."

அவள் போன பிறகுதான் கவனித்தேன். என் மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலி கிடக்கிறது. முக்கால் மணி நேரம் அவள் நின்றிருக்கிறாள். நான் உட்காரச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டைத் திறந்து அப்படியே மூடிவிட்டேன்.

மே 22, வெள்ளி

கதிரேசன் மெமோவுக்கு விளக்கம் கொடுத்துவிட்டான். ஒரே வரி. 'மேற்படி தேதிகளில் நான் அனுமதிக்கப்பட்ட விடுப்பில் இருந்தேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' அதோடு ஒரு தாளை இணைத்திருந்தான். அந்தத் தாளைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை.

'விளக்கம் ஏற்கப்பட்டது' என்று எழுதி மெமோவை முடித்துவிட்டேன். அவன் தேநீர் வாங்கி வந்து மேசையில் வைத்தான். எப்போதும் போல.

மே 25, திங்கள்

நேற்று பொருட்காட்சியில் நிறைவு விழாவாம். வாணவேடிக்கை வீட்டு மாடியிலிருந்து தெரிந்தது. ஜூன் 9 வரை அனுமதி இருக்கும்போது இதென்ன அவசரம் என்று நினைத்தேன். இன்று காலை ஏ.சி. போனில் கூப்பிட்டார்.

இருபத்தொன்பதாம் நாளில் முடித்துவிட்டார்களாம். நாளைக்குத் தொடங்குவது வேறு பொருட்காட்சி. வேறு பெயர், வேறு நிறுவனம், புது அனுமதி, பதினைந்து நாள். இரண்டும் ஒரு மாதத்துக்கு உட்பட்டவை. ஆகவே விலக்கு உண்டு. ஆகவே சட்டம் பொருந்தாது. ஆகவே என் நோட்டீஸ் செல்லாது.

அதே தகரம், அதே கடை, அதே டைனோசர் சார் என்றேன்.

"காகிதத்துல வேறம்மா" என்றார். குரலில் அவருக்கே சலிப்பு. "மேலருந்து கேக்குறாங்க. நோட்டீஸ வாபஸ் வாங்கிருங்க. வெறும் வாபஸ்னு எழுதினா எதுக்குக் குடுத்தீங்கன்னு நம்ம கழுத்துக்கு வரும். மனுவுல சொன்னது விசாரணையில ஆதாரமில்லன்னு தெரிய வந்துச்சுன்னு ஒரு வரி சேத்துருங்க. உங்களுக்கும் ஒரு தொந்தரவு வராது."

ஆதாரமில்லை என்று எழுத முடியாது சார், அந்தப் புண்ணை நான் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அடுத்த வருடம் எனக்குத் துணை ஆய்வர் பதவி உயர்வுப் பட்டியல். அதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சரிங்க சார் என்றேன்.

மே 26, செவ்வாய்

எழுதினேன். கையெழுத்திட்டேன். கதிரேசன் அனுப்பினான்.

இருபது வருடத்தில் முதல் பொய்க் காகிதம். வியாழக்கிழமை ஒருத்தி நின்றுகொண்டு கெஞ்சிக் கேட்டபோது எழுத மாட்டேன் என்றேன். அது அவள் வயிற்றை நிரப்பும் பொய். இது அவளைப் பொய்க்காரியாக்கும் பொய். இதற்குக் கை தயங்கவில்லை.

மனுதாரருக்கும் ஒரு நகல் அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பினோம்.

மே 29

இவருக்கு சர்க்கரை இருநூறுக்குள் வந்துவிட்டது. மாம்பழ சீசன் முடியப் போகிறது.

ஜூன் 2, செவ்வாய்

மனுதாரருக்கு அனுப்பிய உறை திரும்பி வந்துவிட்டது. கதிரேசன் மனுவில் இருந்த விலாசத்துக்கே அனுப்பியிருக்கிறான்: கடை எண் 37, பொருட்காட்சி, மாட்டுச்சந்தைத் திடல். அப்படி யாரும் இல்லை என்று தபால்காரர் எழுதியிருக்கிறார். ஆனால் உறை பிரிக்கப்பட்டு, மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. யார் படித்தார்களோ, அவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

மேரியின் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. ஆஸ்பத்திரியில் கால் புண் வார்டில் கேட்டுப் பார்க்கலாம் என்று இரண்டு நாளாக நினைக்கிறேன். வேலை சரியாக இருக்கிறது.

ஜூன் 5

வேலை சரியாக இருக்கிறது என்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். இந்த வாரம் நான் எந்தக் கடைக்கும் போகவில்லை. இங்கே போய் எதற்குப் பூசி மெழுகுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம், அவ்வளவுதான். அவள் அங்கே இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம்.

ஜூன் 10, புதன்

நேற்றோடு இரண்டாவது பொருட்காட்சியும் முடிந்தது. வேலையாட்களுக்கு விபத்து ஏதும் இல்லை என்று முடிவு அறிக்கையில் ஒரு கையெழுத்து வேண்டுமாம், போனேன். தகரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டைனோசரைத் தலை வேறு உடல் வேறாகப் படுக்க வைத்திருந்தார்கள். அடுத்த ஊருக்குப் போகிறது. முப்பத்தேழாம் கடை இருந்த இடத்தில் மண் மட்டும் சிவப்பாக இருந்தது.

எல்லாவற்றையும் மறந்துவிட்டவர் மாதிரி ரத்தினவேலு சிரித்தார். லாரியில் ஏற்றிய நாற்காலி அடுக்கிலிருந்து ஒன்றை உருவிப் போடச் சொன்னார். முதுகில் காகிதம் பாதி கிழிந்து 'பணியாளர்' வரைக்கும் இருந்தது.

"உக்காருங்க மேடம். உங்களுக்குக் கால் வலி இருக்குல்ல."

வலித்தது. உட்கார்ந்தேன். மடியில் வைத்துக் கையெழுத்திட்டேன்.

அலுவலக நாட்குறிப்பில் எழுதியாகிவிட்டது: 'பொருட்காட்சித் திடல், இறுதி ஆய்வு, குறைகள் ஏதுமில்லை, கோப்பு முடிக்கப்பட்டது.' இந்த நோட்டிலும் முடிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

கதிரேசன் தன் விளக்கத்தோடு இணைத்தது நோட்டீஸின் வரைவு. மே 12-ம் தேதி நான் என் கையால் எழுதியது. அவன் லீவில் இருந்தான். மெமோ கொடுக்கும்போதே அது எனக்குத் தெரியும். அவசரத்தில் படிக்காமல் கையெழுத்திட்டேன் என்று மே 18-ல் எழுதியதும் பொய்.

அன்றைக்குப் பார்வை 1 என்று சட்டத்தின் பெயரை எழுதினேன். பார்வை 2 என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். என் மேசையைத் தாண்டாது என்று சொன்னது ஞாபகம் வந்தது. காலைத் தூக்கி வைத்திருந்த அந்தப் பெயின்ட் டப்பாகூட ஞாபகம் வந்தது. ஆனால் மனு இல்லாமல் நோட்டீஸ் போனால், எந்தப் புகாரின் பேரில் போனீர்கள், நீங்களாகவே எதற்குக் கிளம்பினீர்கள் என்று ஏ.சி. கேட்பார். கோப்பு திரும்பி வரும். ஓட்டை விழும். ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அப்புறம் எழுதினேன். திருமதி சகாயமேரி, கடை எண் 37. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. நிதானமாக, நல்ல கையெழுத்தில்.